தட்டிக்குப் பின்னால் இருந்த வகுப்பு

பாடம் நடத்துகிறவர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஆனால், பாடம் எப்படி நடத்த வேண்டும் என்று மற்ற ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்களின் தலைக்கனத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. இதை நான் தைரியமாகச் சொல்லலாம். வேலை பார்த்த காலத்தில் பாதிக்கு மேல் நான் அந்த இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தவள். அதிலும் முதன்முதலாக அந்த வேலைக்குக் கிளம்பிய நாளில் என் தலையை என் கழுத்து எப்படித் தாங்கியது என்பது எனக்கே ஆச்சரியம்தான்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். பேர் சரஸ்வதி, கூப்பிடுவது சரசு டீச்சர். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் புதிய முறையில் கற்பிப்பது எப்படி என்று பயிற்சிக் கல்லூரியில் கோடை லீவில் ஒரு வகுப்பு வைத்தார்கள். பள்ளிக்கு ஒருவர் போயாக வேண்டும். லீவை விட்டுக்கொடுக்க மற்ற டீச்சர்கள் யாரும் தயாராக இல்லை. ஒருத்தருக்குக் குழந்தைக்கு மொட்டை, ஒருத்தருக்கு நாத்தனார் பிரசவம். எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, நாத்தனாரும் இல்லை. ஆக, முழுக்க முழுக்கத் திறமையின் அடிப்படையில் நான் தேர்ந்தெடுக்கப்பட்டேன்.

போகும்போது சாதாரணமாகப் போனவள், வரும்போது மூக்குக்கண்ணாடியோடு வந்தேன். (பவர் கிடையாது, வெறும் கண்ணாடிதான். அங்கே எங்களுக்கு வகுப்பெடுத்த அம்மாள், முக்கியமான விஷயம் வரும்போதெல்லாம் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டுப் பேசுவார். அந்த விரல் அழகுக்காகவே வாங்கினேன்.) அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன்டி, கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு? ட்ரெய்னிங்குன்னு கூட்டிட்டுப் போயி கெடுத்து அனுப்சிட்டாங்களா?" என்றாள். அறியாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளி திறந்ததும் ஹெட்மாஸ்டர் துரைக்கண்ணு சாரிடம் போய், பின்தங்கிய பிள்ளைகளுக்கு மத்தியானத்தில் தனி வகுப்பு நடத்த அனுமதி கேட்டேன். துரைக்கண்ணு சார் நல்ல மனிதர். அவருடைய வாழ்க்கையில் கடவுளுக்கு அடுத்தபடி ஒன்று உண்டென்றால் அது 'ஸ்கூல் மானம்'. "தாராளமா நடத்துங்கம்மா. ஆனா சத்தம் வெளிய கேக்காம நடத்துங்க," என்றார். பள்ளியின் ஒரே கூடத்தை நடுவில் ஒரு மூங்கில் தட்டி வைத்து இரண்டாக மறித்திருந்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம், உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த பாதி எனக்குக் கிடைத்தது.

என் வகுப்பில் எட்டுப் பேர். மூன்றாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டை விட்டவர்கள். மூன்றாம் தடவையும் போனால் பெயரை எடுத்துவிடுவது எங்கள் பள்ளி வழக்கம். எட்டுப் பேரில் பெரியவள் முனியம்மா. பக்கத்தில் நின்றால் என் தோளுக்கு மேல் இருப்பாள். அவள் அம்மா மங்கம்மா வீட்டில் ஊதுவத்தி உருட்டுகிறவள். ஒருநாள் என்னைத் தெருவில் நிறுத்தி, "டீச்சரம்மா, இந்தத் தபாவும் பேர எடுத்துட்டீங்கன்னா சும்மா சொல்லிடுங்கோ. நாளைலேர்ந்து வத்திப் பலகைல குந்தவெச்சிடறேன். ரெண்டு கை சேந்தா எனக்கும் ஆவும்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் என்னைக் குத்தியது. "எடுக்க மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்," என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத்தான் கொடுத்தேன்.

தெரிந்த பொருளை வைத்துத் தெரியாததைச் சொல்லிக்கொடு என்பது நான் கற்று வந்த புதிய முறை. முதலில் கண்ணாடி மணிகளை வாங்கி வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாளே கோவிந்தன் ஒரு மணியை மூக்கில் போட்டுக்கொண்டான். அன்றைய கழித்தல் பாடம் அல்சூர் ஆஸ்பத்திரியில் நடந்தது, கழித்தவர் டாக்டர். அதன் பிறகுதான் இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே தெரிந்த பொருள் எது என்று யோசித்தேன். எட்டுப் பேரில் ஐந்து பேர் விரல் நுனி கறுத்திருக்கும். ஊதுவத்தி உருட்டும் கரிமாவு. மங்கம்மாவிடம் போய் உருட்டாத வெறும் மூங்கில் குச்சிகளில் கழிசல்களைக் கேட்டு வாங்கி வந்தேன். பத்துக் குச்சியை நூலால் கட்டினால் ஒரு கட்டு. கட்டு எல்லாம் பத்து, தனிக் குச்சி எல்லாம் ஒன்று. ஐம்பத்திரண்டு என்றால் ஐந்து கட்டு, இரண்டு குச்சி. அதில் பதினேழைக் கழிக்க வேண்டுமா? இரண்டு குச்சியிலிருந்து ஏழை எடுக்க முடியாது. என்ன செய்வது?

"கட்டப் பிரி!" என்று எட்டுப் பேரும் ஒரே குரலில் கத்துவார்கள். ஒரு கட்டைப் பிரித்தால் பன்னிரண்டு குச்சி கையில் வந்துவிடும், ஏழு போனால் ஐந்து. மிச்சம் நாலு கட்டில் ஒன்று போனால் மூன்று. முப்பத்தைந்து. இரண்டு வருடமாகச் சிலேட்டில் வராத கழித்தல் இரண்டே மாதத்தில் வந்தது. முதல் விடை வந்த அன்று முனியம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள் பாருங்கள், அதை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிரும். சம்பளம் வாங்கிய எந்த நாளும் அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

செய்தி எப்படியோ கல்வி அதிகாரி அம்மாளின் காதுக்குப் போயிற்று. ('எப்படியோ' என்ன எப்படியோ? நானே மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன்.) அவர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். நேரில் வந்து ஹெட்மாஸ்டரிடம் சொன்னார்: "தொம்மலூர், அடுகோடி, அல்சூர், சுத்துவட்டாரத்துத் தமிழ் ஸ்கூல் டீச்சர்ஸ் எல்லாரையும் வரச் சொல்றேன். இந்த அம்மா அவங்க முன்னால அந்தப் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்திக் காட்டட்டும். கணக்கு வந்துச்சுன்னா அந்தப் பிள்ளைங்களை நாலாவதுக்கு ஏத்த நானே கையெழுத்துப் போடறேன். இந்த முறையை எல்லா ஸ்கூலுக்கும் கொண்டு போகலாம். வரலைன்னா, உங்க வழக்கப்படி என்ன செய்வீங்களோ செய்ங்க."

உங்கள் வழக்கப்படி என்றால் எட்டுப் பெயரும் போய்விடும். முனியம்மா பலகையில் உட்கார்ந்துவிடுவாள். ஆனால் எனக்குள் இன்னொரு பக்கம், நாற்பது ஆசிரியர்களுக்கு நான் பாடம் நடத்தப் போகிறேன் என்ற பூரிப்பும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுவதும் வீட்டுக் கண்ணாடி முன் நின்று, "அன்பார்ந்த சக ஆசிரியப் பெருமக்களே" என்று ஆரம்பித்து ஒத்திகை பார்த்தேன். அம்மா அடுக்களையிலிருந்து, "பெருமக்களே, வெந்நீர் காஞ்சிடுச்சு," என்பாள்.

இந்த இடத்தில் அந்தக் காலத்து 'விசிட்' சம்பிரதாயத்தைச் சொல்லியாக வேண்டும். மேலிடத்திலிருந்து யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால், சுமாராகப் படிக்கும் பிள்ளைகளுக்கு அன்று லீவு. "மூக்கு ஒழுவுது பாரு, நாளைக்கு வீட்ல இரு," என்று முதல் நாளே சொல்லி அனுப்பிவிடுவார்கள். காலியான இடத்தில் மேல் வகுப்பிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். நாலாம் வகுப்புக் கேள்விக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை டாண் டாணென்று பதில் சொல்லும். எல்லாப் பள்ளியிலும் நடந்ததுதான். வருகிறவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர்களும் ஒரு காலத்தில் ஆசிரியராக இருந்தவர்கள். துரைக்கண்ணு சார் இந்தக் கலையில் மன்னன்.

"பிள்ளைங்க ஏற்பாட்டை என்கிட்ட விட்ருங்கம்மா. நீங்க பாடத்தை மட்டும் பாருங்க," என்று அவர் சொன்னபோது நான் நன்றி சொன்னேன். பிள்ளைகளுக்குத் தலைவாரி, முகம் கழுவி உட்கார வைப்பார் என்று நினைத்தேன். பயிற்சிக் கல்லூரி வரை போய் வந்த என் மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது.

அன்று காலை கூடத்தின் முன்பாதி நிறைந்திருந்தது. நாற்பது ஆசிரியர்கள் பெஞ்சுகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் தொம்மலூர் ராஜம்மா டீச்சர். ரிட்டயர் ஆக ஒரு வருடமே இருந்த அந்த அம்மாள், இதையெல்லாம் பார்த்தாயிற்று என்ற முகத்தோடு வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். நடு நாற்காலியில் அதிகாரி அம்மாள். துரைக்கண்ணு சார், விசிட் நாளில் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும் மூடிய கழுத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தட்டியில் முதுகு படும்படி விறைப்பாக நின்றிருந்தார். நான் பட்டுப் புடவை சரசரக்க, குச்சிக் கட்டுகள் நிறைந்த கூடையோடு உள்ளே நுழைந்து, கண்ணாடியைத் தள்ளிவிட்டு, பிள்ளைகளைப் பார்த்தேன்.

என் பிள்ளைகள் இல்லை.

அங்கே இருந்தது ஐந்தாம் வகுப்பின் முதல் எட்டு ராங்க். முதல் ராங்க் வசந்தா, பக்கத்தில் இரண்டாம் ராங்க் செல்வராஜ். தலையை வேண்டுமென்றே கலைத்துவிட்டிருந்தார்கள். ஒருத்தன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். எல்லார் வாயும் லேசாகத் திறந்திருந்தது. படிப்பு வராத பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்கும் என்பது துரைக்கண்ணு சாரின் கற்பனை.

நான் அவர் பக்கம் ஓடினேன். "சார், என் பிள்ளைங்க எங்க?"

"பத்திரமா இருக்காங்க," என்று உதடு அசையாமல் பதில் வந்தது. "லீவு சொன்னேன், போவ மாட்டேன்னுட்டாங்க. தட்டிக்குப் பின்னால உக்கார வெச்சு ஆளுக்கு ஒரு கை வேர்க்கடலை குடுத்திருக்கேன். சத்தம் வராது. இவங்களுக்கு எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்மா. மொதல்ல தப்புத் தப்பா சொல்லுவாங்க. நீங்க ரெண்டு தடவை விளக்கினதும் பளிச்சுனு புரிஞ்சிடும். ஸ்கூல் மானமும் போவாது, உங்க மானமும் போவாது."

"சார், இது..."

"ஆரம்பிக்கலாமா?" என்றார் அதிகாரி அம்மாள்.

ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அன்பார்ந்த சக ஆசிரியப் பெருமக்களே என்று சொல்ல வாயெடுத்து, "அன்பார்ந்த சக ஆசிரியக் குச்சிகளே" என்று சொன்னதாக ராஜம்மா டீச்சர் பிற்காலத்தில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பதால் சொல்லவில்லை என்று ஆகாது.

முதலில் செல்வராஜிடம் போனேன். பயம் தெளியட்டும் என்று, "தம்பி, உன் பேரென்ன?" என்றேன்.

அவன் தலையைச் சொறிந்து, கண்ணை மேலே செருகி, நெடுநேரம் யோசித்து, "மறந்துட்டேன் டீச்சர்," என்றான். துரைக்கண்ணு சார் லேசாக இருமி, அவ்வளவு வேண்டாம் என்று கையால் அடக்கினார்.

அடுத்து வசந்தா. "ஏழும் அஞ்சும் எத்தனம்மா?" பிறந்தது முதல் தப்பான விடையே சொல்லியறியாத குழந்தை அது. உதடு துடித்தது. கண்ணில் நீர் கட்டியது. பக்கத்துப் பையன் "பதினாறுன்னு சொல்லு, பதினாறுன்னு சொல்லு," என்று கிசுகிசுத்தான். அவ்வளவுதான், அவள் ஓவென்று அழுதுவிட்டாள். "எனக்குத் தெரியும் டீச்சர்! ஆனா சொல்லக்கூடாதே!"

ஆசிரியர்கள் வரிசையில் சிரிப்பொன்று எழுந்து அடங்கியது. அதிகாரி அம்மாள் சிரிக்கவில்லை. நான் அவசரமாகக் குச்சிகளை எடுத்தேன். என் முறை எந்தப் பிள்ளைக்கும் வேலை செய்யும், சமாளித்துவிடலாம் என்று ஓர் அசட்டு நம்பிக்கை. செல்வராஜின் கையில் ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் கொடுத்து, "இதுல பதினேழு கழி," என்றேன்.

அவன் குச்சியைப் பார்க்கவே இல்லை. முகட்டைப் பார்த்து முணுமுணுத்தான். "ரெண்டுல ஏழு போகாது. பக்கத்துல ஒண்ணு கடன். பன்னண்டுல ஏழு போனா அஞ்சு..." விடை சரி. ஆனால் கையில் ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் கொடுத்தபடியே இருந்தன.

"அதைக் குச்சில காட்டு, ராஜா."

செல்வராஜ் முழித்தான். இந்தத் தடவை நடிக்கவில்லை. ஒரு கட்டின் ஓரத்திலிருந்து ஒரே ஒரு குச்சியை உருவி, இரண்டோடு சேர்த்தான். மூன்று ஆயிற்று. மறுபடி முழித்தான்.

ராஜம்மா டீச்சர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "ஏன்டா கண்ணு, ஒண்ணுதானே கடன் வாங்கினே? அது எப்படிப் பன்னண்டாச்சு?"

"கடன் வாங்கினா அப்படித்தான் டீச்சர் ஆவும்," என்றான் செல்வராஜ், அழாக்குறையாக. எட்டு ராங்க்கில் ஒருவருக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. மூன்று வருடமாகச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்த கணக்கு அவர்கள் கையிலேயே குழம்பிக் கிடந்தது. வியர்வையில் கண்ணாடி என் மூக்கிலிருந்து வழுக்கியது. எட்டுப் பெயரும் போயிற்று, மங்கம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் எனக்கு ஓடியது. அந்த நேரம் தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய், கட்டப் பிர்றா!"

கூடம் திடுக்கிட்டது. "யாரது?" என்றார் அதிகாரி அம்மாள்.

"பக்கத்துல வீடு கட்றாங்க மேடம்," என்றார் துரைக்கண்ணு சார், தட்டியில் முதுகை இன்னும் அழுத்திக்கொண்டு.

"ஒரு குச்சிய உருவுறான் பாருடி! முழுசா பிரிச்சாதானே பத்து வரும்!"

"மேஸ்திரி செங்கல் எண்றாரு மேடம்."

செல்வராஜ் குரலுக்குப் பயந்து இன்னொரு கட்டிலிருந்தும் ஒரு குச்சியை உருவினான். தட்டிக்குப் பின்னால் பொறுமை போய்விட்டது. மூங்கில் பிளவுகளில் கண்கள் தெரிந்தன. எட்டுப் பேரும் பார்க்க முண்டியடித்துச் சாய்ந்திருக்க வேண்டும். தட்டி முதலில் ஒரு தடவை முனகியது. துரைக்கண்ணு சார் இரண்டு கையையும் பின்னால் கொடுத்துத் தாங்கிப் பார்த்தார். பிறகு தட்டி, ஹெட்மாஸ்டர், அதன் மேல் என் எட்டுப் பிள்ளைகள், அவர்கள் மடியிலிருந்த வேர்க்கடலை என்று எல்லாம் ஒரே நேரத்தில் சபைக்கு வந்து சேர்ந்தன. என் கூடை உருண்டு குச்சிகள் நாலா பக்கமும் சிதறின. அடுகோடி வாத்தியார் ஒருவர் பெஞ்சின் மேலேறி நின்றுவிட்டார்.

யாருக்கும் அடிபடவில்லை. தட்டிக்கு அடியிலிருந்து துரைக்கண்ணு சார் எழுந்தார், கோட்டு முழுக்க வேர்க்கடலைத் தோல்.

"ஏனிது? என்ன இதெல்லாம்?" என்றார் அதிகாரி அம்மாள்.

துரைக்கண்ணு சார் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். ஆனால் என் பிள்ளைகள் எண்ணெய் வழிய வாரிய தலையும், தலையில் கனகாம்பரமும், தோய்த்துக் காய்ந்த சட்டையுமாக எனக்கு முன்னால் நின்றார்கள். என் பாடத்துக்காகக் குளித்துவிட்டு வந்து, வேர்க்கடலையோடு மறைத்து வைக்கப்பட்டிருந்த பிள்ளைகள். எனக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், இவங்கதான் என் பிள்ளைங்க," என்றேன். "அவங்க அஞ்சாவது."

அதிகாரி அம்மாள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, முனியம்மாவிடம் நின்றார். "நீ எந்த வகுப்பம்மா?"

"மூணாவது. மூணு வருசமா மூணாவது."

"எதுக்குக் கத்தினே?"

"பின்ன இன்னா மேடம்? கட்டப் பிரிக்காமயே கழிக்கிறான். எப்டி வரும்?"

"இல்லி பா, இங்க வா. நீ அவங்களுக்குச் சொல்லிக்கொடு, பாக்கலாம்."

முனியம்மா மேஜைக்கு வந்தாள். இடது கையை இடுப்பில் வைத்தாள். வலது கையால், இல்லாத மூக்குக்கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளினாள். "கண்ணுங்களா, இங்க கவனிங்க," என்றாள், என் குரலில். "டீச்சர் மூஞ்சில ஒண்ணும் எழுதி ஒட்டல. குச்சியப் பாருங்க." பிறகு நான் வாக்கியத்துக்கு வாக்கியம் விடும் அந்த 'ஆங்?' என்பதையும் விட்டாள். அப்படி ஒன்று நான் விடுகிறேன் என்பதே எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும்.

நாற்பது ஆசிரியர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பதறிப்போய், பழக்கதோஷத்தில், கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளினேன். கூடம் இடிந்து விழும்படி இன்னொரு சிரிப்பு. அதிகாரி அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. பிளக்கவில்லை.

ஆனால் முனியம்மா யாரையும் கேலி செய்யவில்லை, பாடம்தான் நடத்தினாள். டீச்சர் என்றால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். வசந்தாவின் கையில் கட்டைக் கொடுத்து, அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, "அழுவாத. வாங்கினது ஒண்ணு இல்ல, ஒரு கட்டு. நீயே பிரி," என்றாள். வசந்தா நூலை அவிழ்த்தாள். குச்சிகள் மேஜையில் பரவின. எண்ணினாள். "அய்யோ, பத்து!" என்றாள், யாரோ பரிசு கொடுத்த மாதிரி.

"எனக்கும் அஞ்சு கட்டுக் குடுடி," என்று ராஜம்மா டீச்சர் கையை நீட்டினார். அப்புறம் எல்லாரும் நீட்டினார்கள். என் எட்டுப் பேரும் பெஞ்சுகளுக்கு நடுவே நுழைந்து, தரையில் கிடந்த குச்சிகளைப் பொறுக்கிக் கட்டி, ஆசிரியர்களுக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு அங்கே நடந்ததற்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. ஆசிரியர்கள் அசல் மாணவர்களாகவே மாறிவிட்டார்கள். ஒருவர் பக்கத்து மடியைப் பார்த்துக் காப்பியடித்தார். இருவர் குச்சியை வைத்துவிட்டு ஊர்க்கதை பேசினார்கள். பெஞ்சின் மேல் ஏறியவர், தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று முனியம்மாவிடம் கேட்டார். "முடிச்சிட்டுப் போங்க சார்," என்றாள். ராஜம்மா டீச்சருக்குக் கணக்கு இருபத்தைந்து என்று வந்தது. "நக்கோ, அது இல்ல டீச்சர், ஒரு கட்டக் கால்மாட்ல போட்டுட்டீங்க. பரவால்ல, மறுபடி பாருங்க," என்று முனியம்மா குனிந்து எடுத்துக் கொடுத்தாள். அந்தப் 'பரவாயில்லை, மறுபடி பாருங்க' மட்டும் என்னுடையது. அதைத்தான் நான் அன்றைக்கு நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுக்க நினைத்திருந்தேன்.

அதிகாரி அம்மாள் விட்டுவிடவில்லை. எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஆளுக்கொரு கழித்தல் கொடுத்தார். ஏழு பேர் போட்டுவிட்டார்கள். கடைசியாகக் கோவிந்தன், மூக்கில் மணி போட்டுக்கொண்டவன். எண்பத்தொன்றில் முப்பத்தாறு. அவன் ஒவ்வொரு குச்சியையும் உதட்டால் எண்ணி, நடுவில் விட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தான். மறுபடி விட்டான். துரைக்கண்ணு சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரி அம்மாள், "அவன் எண்ணட்டும்," என்றார். நான் கூடவே எண்ணிக்கொண்டிருந்தேன், உதடு தெரியக்கூடாதே என்று முந்தானையைக் கடித்துக்கொண்டு. கடைசியில் அவன் நாலு கட்டையும் ஐந்து குச்சியையும் ஒதுக்கி வைத்து, "நாப்பத்தஞ்சு. சரிதானே?" என்று என்னைக் கேட்டான்.

தலையை ஆட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. வாங்கின நாளிலிருந்து அதற்கு ஏற்பட்ட முதல் உபயோகம் அதுதான்.

எட்டுப் பேரும் நாலாவதுக்குப் போனார்கள். அதிகாரி அம்மாள் போகும்போது துரைக்கண்ணு சாரிடம், "நான் அடுத்த தடவை வரும்போது இந்தப் பிள்ளைங்கதான் முன் பெஞ்சுல இருக்கணும்," என்று மட்டும் சொன்னார். துரைக்கண்ணு சார் அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அடுத்த விசிட்டுக்கு என் பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்துவிட்டு, கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கெல்லாம் லீவு கொடுத்து அனுப்பிவிட்டார். வசந்தாவின் அப்பா சைக்கிளில் வந்து இறங்கி, "முதல் ராங்க் எடுக்கிற பொண்ணுக்கு மூக்கு ஒழுவுதுன்னு சொல்லி அனுப்பியிருக்கீங்களே, என்னய்யா ஸ்கூல் இது?" என்று வாசலில் நின்று சண்டை போட்டார். அன்றைக்கு நான் உள்ளே உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது. விசிட்டுக்கு ஒரு பிள்ளையையும் மறைக்காமல் இருக்கலாம் என்ற யோசனை கடைசிவரை அவருக்குத் தோன்றவில்லை. ஆனாலும் மனிதர், முன் பெஞ்சை மட்டும் அதன் பிறகு மாற்றவே இல்லை.

நான் அதற்குப் பிறகு பல வருடம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். எங்கே கூப்பிட்டாலும் ஒரே நிபந்தனை: பின் பெஞ்சுப் பிள்ளைகளை அனுப்புங்கள், தட்டி இல்லாத அறையாகக் கொடுங்கள்.

முனியம்மா எட்டாவது வரை படித்து, ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் கல்யாணம் ஜோகுபாளையத்தில் பந்தல் போட்டு நடந்தது. ரிட்டயரான துரைக்கண்ணு சாரும் வந்திருந்தார், அதே கோட்டோடு. நான் என் மகனைக் கூட்டிப் போயிருந்தேன், அவனுக்கு ஆறேழு வயது. மூவரும் பந்திக்குப் போனபோது இடம் நிறைந்திருந்தது, அடுத்த பந்திக்குக் காத்திருக்கலாம் என்று ஒதுங்கினோம். மணமேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த முனியம்மா அங்கிருந்தே பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள். கல்யாணப் பெண் இப்படிக் கத்தலாமா என்று மங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணா, டீச்சருக்கும் ஹெட்மாஸ்டருக்கும் தனியா மொத எலை போடுங்கோ! அன்னிக்குப் பாடத்துல நாங்க எட்டுப் பேரும் பாஸு, அவங்க ரெண்டு பேருதான் ஃபெயிலு. ஃபெயிலானவங்க முன்னால குந்தட்டும்!"

பந்தலே சிரித்தது. துரைக்கண்ணு சார் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கம்பீரமாகப் போய் உட்கார்ந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ மேடைகளில் எனக்கு மாலை போட்டிருக்கிறார்கள். அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது இருந்த பெருமை ஒன்றிலும் இல்லை.

என் மகன் அதைப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதில் தோற்று வந்தாலும் முதல் சாப்பாடு அவர்களுக்குத்தான். அவன் இப்போது பாங்கில் வேலை பார்க்கிறான், தலையில் நரை வந்துவிட்டது. போன மாதம் பதவி உயர்வுப் பரீட்சையில் தவறிவிட்டு வந்தான். மனைவியும் பிள்ளைகளும் என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்க, அவன் கை கழுவிவிட்டு நேராக வந்து உட்கார்ந்து, தட்டைத் தட்டினான்.

"போடும்மா. இன்னிக்கு மொத எலை என்னோடது."

போட்டேன். நெய்யும் ஒரு கரண்டி கூடவே ஊற்றினேன்.